நான்கு சென்டிமீட்டர்

கடலூரில் அந்தத் தனியார் மருத்துவமனையின் மேசை முன்னால் நான் நான்காவது முறையாகப் போய் நின்றபோது எனக்கு ஐந்தாம் மாதம். நான் கேட்டதெல்லாம் 2021 அக்டோபரில் எனக்கு அங்கே நடந்த சிசேரியனின் கேஸ் ஷீட் நகல் மட்டும்தான்.

“வீட்டுக்குப் போகும்போதே கொடுத்தோமே அம்மா” என்றார் மேசையிலிருந்த பெண். கொடுத்தார்கள்தான், ஒரே ஒரு தாள். சிசேரியன், ஆண் குழந்தை, 3.1 கிலோ, பத்தாம் நாள் மறுபடி வர வேண்டும். எதற்காக அறுத்தார்கள் என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

வாயால் சொன்னார்கள். “கொடி சுற்றியிருக்கிறது, காத்திருந்தால் குழந்தைக்கு ஆபத்து.” நள்ளிரவுக்குச் சற்று முன்பு இதைக் கேட்டுவிட்டு யார் எதிர்க்கேள்வி கேட்பார்கள்? என் கணவர் கையெழுத்துப் போட்டார். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று என் மாமியார் பிடிவாதமாக இருந்ததால், என் தம்பி எண்ணெய்க் கிண்ணத்தில் குழந்தையின் நிழலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தான்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருப் பெண்களைக் கேட்டால் கொடி, தண்ணீர் வற்றியது, குழந்தை பெரியது என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். ஜோசியரிடம் நேரம் குறித்துக்கொண்டு போய்ப் படுத்தவர்களும் உண்டு. எல்லாப் பழியையும் மருத்துவர்கள் தலையில் கட்ட நான் தயாரில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. தொலைக்காட்சி விவாதங்களில் இந்த எண்களை வைத்துக்கொண்டு மோதிக்கொள்கிறார்கள். தனியாரில் அறுக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு வேண்டியிருந்து அறுத்தார்களா, வேண்டாமலேயே அறுத்தார்களா என்பதை எந்த விவாதமும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது குழந்தைக்குப் புதுச்சேரியில் ஓர் அரசு மருத்துவமனையில் காட்டிக்கொண்டிருந்தேன். சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று கேட்டதற்கு, “பழைய அறுவைக் குறிப்பைக் கொண்டுவாருங்கள், பிறகு பேசலாம்” என்றார் அங்கிருந்த மருத்துவர். வயிற்றின் மேல் தெரியும் தழும்பு எதையும் சொல்லாதாம். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக அறுத்திருந்தால் முயலலாம். முயல்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குக் கைகூடுகிறது. ஆனால் இருநூறு பேரில் ஒருவருக்குப் பழைய தையல் விட்டுப்போகும் அபாயம் உண்டு. மேலே நெடுக்காக அறுத்திருந்தால் அந்தப் பேச்சே கிடையாது.

அதற்காகத்தான் இந்த அலைச்சல். ஒரு நாள் ரெக்கார்டு பார்ப்பவர் விடுப்பு. ஒரு நாள் பெரிய டாக்டரைக் கேட்க வேண்டும். இன்னொரு நாள் பழைய கட்டுகள் மாடியில் இருக்கின்றன, ஏற ஆளில்லை. வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கும் என் சித்தப்பாதான் வழி சொன்னார். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னெறி விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அப்போது 2024 ஆகஸ்ட். மூன்று ஆண்டு நிறைய இரண்டே மாதம் இருந்தது.

நான்காவது முறை கையில் கடிதத்தோடு போனேன். இரண்டு படிகள், ஒன்றில் முத்திரை வைத்துத் தரச் சொன்னேன். ‘ரெக்கார்டு’ என்று மொட்டையாகக் கேட்டால் பழைய ஒற்றைத் தாளையே நீட்டுவார்கள் என்று சித்தப்பா எச்சரித்திருந்ததால் அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, வலியின் முன்னேற்றத்தைக் குறிக்கும் பார்ட்டோகிராம், நர்ஸ் குறிப்பு என்று தனித்தனியாக எழுதி, உள்நோயாளி எண்ணையும் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு பக்கம்.

புதுச்சேரி பஸ்ஸில் பிரித்தேன். இரவு 9.40, கருப்பை வாய் விரிவு 4 செ.மீ. இரவு 11.15, 4 செ.மீ. அடுத்த வரி: முன்னேற்றமில்லை, அறுவைக்குத் தயார் செய்யவும். குழந்தையின் இதயத்துடிப்பு 140, 144, 138. கொடியைத் தேடினேன். அறுவைக் குறிப்பின் அடியில் இருந்தது: கழுத்தில் ஒரு சுற்று, தளர்வாக. அரியாங்குப்பம் வரும்வரை அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. என் தம்பியின் எண்ணெய்க் கிண்ணம் நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மருத்துவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். குறுக்குவெட்டுதான், முயலலாம் என்றார். ஐந்து சென்டிமீட்டருக்கு முன்னால் வலி மெதுவாக நகர்வது இயல்பு. தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் மெதுவாக இருப்பதற்காக மட்டும் அறுக்க வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இலேயே சொல்லியிருக்கிறது என்றார். “அப்படியென்றால் எனக்கு?” “அன்று நான் அங்கே இல்லை” என்று சொல்லிக் கட்டை மூடினார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

2025 பொங்கல் முடிந்த மறுவாரம் வலி எடுத்தது. கூட்டத்துக்கும் கொசுவுக்கும் குறைவில்லாத வார்டு. வயிற்றில் கட்டிய, குழந்தையின் துடிப்பைத் தாளில் கோடாக வரையும் கருவி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எட்டு சென்டிமீட்டர் வரை வந்தேன். விடியற்காலையில் அந்தச் சத்தம் ஓடிவந்து சட்டென்று நடக்கத் தொடங்குவதுபோல் தளர்ந்தது. மருத்துவர் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார். “ஒவ்வொரு வலி முடியும்போதும் துடிப்பு இறங்குகிறது, ஏறுவதற்கு நேரமாகிறது. இனிக் காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.” நானே பார்த்தேன். செய்யுங்கள் என்றேன்.

பெண் குழந்தை, 2.9 கிலோ.

“இதற்கா இவ்வளவு அலைந்தாய்? இதுவும் ஆபரேஷன்தானே” என்றார் மாமியார், வீட்டுக்கு வந்த அன்றே. அந்தத் தாளின் நகலையும் நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். எடுத்து மடியில் விரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டின் மேல் விரலை ஓட்டியவர், அது பள்ளமாக இறங்கிய இடத்தில் நிறுத்தினார்.

“இங்கேயா?”

“அங்கேதான் அத்தை.”