முறுக்கு எண்ணிச் சொன்ன ஜெபமாலை

என் அப்பத்தா ஜெபமாலையைக் கையில் பிடிக்காமலே சொல்லும். காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்குக் கைமுறுக்கு சுற்றிக் கொடுத்த கை அது. மாவு ஒட்டிய விரலால் மணி உருட்ட முடியுமா? அதனால் பத்து முறுக்கு, ஒரு பத்து மணி. வெள்ளைத் துணியில் ஐம்பது சேர்ந்தால் ஜெபமாலை முடிந்தது. நடுவில் ஒன்று பிட்டுக்கொண்டால், அந்த ‘அருள் நிறைந்த மரியே’ கணக்கில் சேராது என்று திரும்பச் சொல்லும்.

ஜெபமாலை சொல்லும்போது இயேசு, மரியாள் வாழ்க்கையிலிருந்து ஐந்து நிகழ்ச்சிகளை நினைத்துக்கொள்ள வேண்டும். திங்களும் சனியும் அது சந்தோஷ தேவ இரகசியம். அதில் நாலாவது, சிமியோன் தாத்தா பிள்ளையை ஏந்திக்கொண்டே, உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று தாயிடம் சொல்வது. ஐந்தாவது, பன்னிரண்டு வயது இயேசு காணாமல் போய் மூன்றாம் நாள் கிடைப்பது. “இதெல்லாம் எப்படி அப்பத்தா சந்தோஷத்துல சேரும்?” என்று கேட்டேன்.

“மாவு காயுது. அடுத்ததைச் சொல்லு ஆத்தா.”

போன வருஷம் தம்பிக்கு இரட்டைக் குழந்தைகள், எட்டாம் மாதமே. பெண் பிழைத்தாள். பையன் இரண்டு நாள் இருந்தான். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீரும் அந்த வார்த்தைகளும் போதும். நர்ஸம்மா தந்த சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, அவன் தலையில் மூன்று முறை நான்தான் ஊற்றினேன்.

பிள்ளை பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே தடுமாறினார்கள். “ஒண்ணை எடுத்து ஒண்ணைக் கொடுத்திருக்கார்” என்றவர்களை மன்னிக்கப் பார்க்கிறேன், இன்னும் வரவில்லை. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்படுவதற்கு முந்தின நாள், வேதத்துக்காக உயிர் கொடுத்த புனித அருளானந்தர் சிறையிலிருந்து மகிழ்ச்சியோடு கடிதம் எழுதினார். சரி, அது அவருடைய சாவு, அவர் மகிழலாம். அடுத்தவர் பிள்ளையின் சாவில் ஆதாயக் கணக்குப் பார்க்க இவர்கள் யார்?

எதிர்வீட்டு ஆச்சி மட்டும் எதுவும் சொல்லவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, பத்தியக் குழம்புக்கு ஒரு சுளகு பூண்டு உரித்தார். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. உள்ளே பிள்ளை தும்மியது. “நூறு!” என்று ஆச்சி சிரித்துவிட்டார், கண்ணைத் துடைக்காமலே. வீட்டில் அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான். என் தம்பி மனைவியும் சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

இந்த அக்டோபரில் முதல் பிறந்தநாள். எதற்காகப் பூசை வைக்க வேண்டும் என்ற பூசைக் கருத்தைக் கொடுக்கக் கோயிலுக்குப் போனோம். உபதேசியார் நோட்டைத் திறந்து, “நன்றியா, இறந்தவங்க நினைவா?” என்றார்.

“ரெண்டும்” என்றான் தம்பி.

அன்றைய தேதிக்கு ஒரே வரிதான் மிச்சம். பொடி எழுத்தில் இரண்டு பேரையும் அதிலேயே எழுதினார். காணிக்கை ஒன்றுக்குத்தான் வாங்கினார்.

நான் வீட்டுக்கு வந்து முறுக்குக்கு அரிசி ஊறப் போட்டேன்.