தம்பியைச் சேர்க்க இடம் தேடிய நாட்கள்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, குடியை நிறுத்த உங்க தம்பியை எங்க சேர்த்தீங்க?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் வீட்டுக்காரருக்காகக் கேட்கிறாள். அவளிடம் அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

தம்பிக்கு சேலத்தில் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை. வெள்ளி வளையங்களைக் கோத்துத் தீயில் பற்றவைக்க வேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் வளையம் உருகிப் போகும். காலையில் ஊற்றாமல் அவன் கை நிற்காது என்ற நிலை வந்தபோதுதான் எங்களுக்கு விஷயத்தின் ஆழம் புரிந்தது.

முதலில் நாங்கள் செய்தது பெரிய தப்பு. கார்த்திகையில் மாலை போட்டால் விட்டுவிடுவான் என்று நினைத்தோம். அவனும் மனசாரத்தான் போட்டான். அன்றைக்கே ஒரே அடியாக நிறுத்தினான். அன்று ராத்திரி முழுக்க வேர்வை, நடுக்கம். மறுநாள் காலை குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தான். வலிப்பு நின்றதும், எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே படுக்க வைத்தோம். மூன்றாம் நாள் ராத்திரி, "சுவரெல்லாம் எறும்பு ஏறுது, தட்டி விடுக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். சுவரில் ஒன்றுமே இல்லை.

ஆட்டோவில் போட்டு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு ஓடினோம். தினமும் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இப்படிப் பிதற்றல் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம் என்று டாக்டர் சொன்னார். வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். குடியை நிறுத்துவதற்கே மருத்துவம் வேண்டும் என்பது அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்து நாளில் தெளிந்து வீட்டுக்கு வந்தான். ஆனால் மூன்றே வாரம்தான், மறுபடி தொடங்கிவிட்டான். உடம்பிலிருந்து சரக்கு இறங்குவது ஒரு வேலை, குடிக்காமல் வாழப் பழகுவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்காகத்தான் இடம் தேட ஆரம்பித்தேன்.

ஏற்காட்டில் ஓர் இடம் இருக்கிறது, குளிர்ச்சி, அமைதி, கடை கண்ணி கிடையாது என்று மாமா சொன்னார். போன் செய்தேன். எடுத்தவர் தம்பி எவ்வளவு குடிக்கிறான் என்று கேட்கவில்லை. வலிப்பு வந்ததுண்டா என்றும் கேட்கவில்லை. "விலாசத்தை அனுப்புங்க மேடம், நாலு பேர் வண்டியில வந்து தூக்கிக்குவாங்க. மூணு மாசத்துப் பணத்தை முன்னாடியே கட்டிடுங்க. நூறு சதவீதம் கேரண்டி" என்றார்.

அப்போது எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா. யாராவது தூக்கிக்கொண்டு போகட்டும், நாங்கள் ஒரு ராத்திரியாவது தூங்குவோம் என்று நினைக்கிற அளவுக்குக் களைத்திருந்தோம். ஆனாலும் பார்க்காமல் பணம் கட்ட மனசு வரவில்லை. சேலத்திலிருந்து பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் கடந்து போனேன்.

கேட்டில் பெரிய பூட்டு. உள்ளே வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் மொட்டை. ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்றவனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் விரல் நடுங்கியதில் பூண்டுப் பல் நழுவி நழுவி விழுந்தது. அந்த விரல்களை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பின்னால் காப்பிச் செடிகளுக்கு நடுவே இன்னும் சிலர் களை எடுத்தார்கள். "ஒர்க் தெரபி" என்றார் மேனேஜர்.

டாக்டர் எப்போது இருப்பார் என்று கேட்டேன். வாரத்தில் ஒரு நாள் வருவாராம். ராத்திரி நர்ஸ்? "பசங்க இருக்காங்க." வலிப்பு வந்தால்? "கீழே கொண்டு போயிடுவோம்." அத்தனை வளைவுகளையும் இருட்டில் இறங்கி, வலிப்பு வந்த மனிதரை எப்போது கொண்டு போய்ச் சேர்ப்பார்கள்? நாற்பத்தைந்து நாளைக்கு வீட்டார் பார்க்கக் கூடாது, போனும் கிடையாது. நீட்டிய படிவத்தில் என் கையெழுத்துக்கு இடம் இருந்தது. தம்பியின் கையெழுத்துக்கு இடமே இல்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் 14446 எண்ணுக்குப் போன் செய்தேன். போதையிலிருந்து மீள்வதற்கான அரசின் இலவச உதவி எண் அது. மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. சட்டத்தையும் தேடிப் படித்தேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலும் போதையாலும் வரும் மனநலப் பாதிப்பையும் சேர்த்துத்தான் பேசுகிறது. சிகிச்சை நிலையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். கட்டாய மொட்டை கூடாது. கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, விரும்பிச் செய்தால் கூலி தர வேண்டும். சங்கிலியால் கட்டவே கூடாது. படிக்கப் படிக்க அந்தப் பூண்டு வரிசைதான் கண் முன்னால் வந்தது.

கடைசியில் கிடைத்த இடம் ஊருக்குள்ளேயே இருந்தது. ராத்திரியெல்லாம் லாரிச் சத்தம், ஜன்னலைத் திறந்தால் மரம் கூடத் தெரியாது. ஆனால் பதிவுச் சான்றிதழைக் கேட்டதும் காட்டினார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பார் என்று கேட்டேன். சும்மா சொல்லாமல் நர்ஸின் டூட்டி நோட்டையே எடுத்து வைத்தார்கள். நிலைமை மோசமானால் அரசு மருத்துவமனை கால் மணி நேரத்தில். கவுன்சிலர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு தம்பியிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியாக எப்போது குடித்தான், முன்பு வலிப்பு வந்ததா, மஞ்சள் காமாலை உண்டா, வேறு மாத்திரை போடுகிறானா என்று எல்லாம் கேட்டாராம். குணமாகும் என்று கேரண்டி தர மாட்டோம், திரும்பக் குடிக்கவும் வாய்ப்பு உண்டு, அப்போதும் வரச் சொல்லுங்கள் என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது அந்தப் பேச்சில்தான்.

வாரா வாரம் தம்பி மனைவியையும் உட்கார வைத்துப் பேசினார்கள். யாருக்கும் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கப் பொடி வாங்கி வைத்திருந்ததை அவள் அங்கேதான் சொன்னாள். அதைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். அந்த மாதிரிப் பொடியில், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்பிராம் மருந்து இருந்தால், அது தெரியாமல் சாராயம் குடிக்கிறவருக்கு உயிருக்கே ஆபத்து. தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது. ஆள் தெரியாமல் குணப்படுத்தலாம் என்று சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள்.

சேர்க்கிற அன்று படிவத்தைத் தம்பியிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்தான். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியதால் இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பட்டறையில் தீக்கு முன்னால் உட்காரும்போதும் அப்படித்தான் பிடித்துக்கொள்வானாம்.

முப்பது நாள் இருந்தான். வந்த பிறகு ஐந்து மாதம் நன்றாக இருந்தான். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது கூட்டாளிகளோடு போய்க் குடித்துவிட்டான். மறுநாள் காலை அவன் கட்டில் காலியாக இருந்தது. கடைக்குத்தான் போயிருப்பான் என்று தம்பி மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிக்குக் கவுன்சிலர் போன் செய்தார். பதறாதீங்கம்மா, தம்பி இங்கேதான் இருக்கிறார், பஸ் பிடித்து அவராகவே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றார்.