பேர் லாவாலிடம் மாமியார் நேர்ந்த நேர்ச்சை

இந்த நேர்ச்சையை நேர்ந்தவர் என் மாமியார். என் கணவர் பக்கவாதம் தாக்கி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் செப்டம்பர் திருநாளுக்கு ரோஸ் ஹில்லிலிருந்து நடந்தே வருகிறேன் என்று பேர் லாவாலிடம் வேண்டிக்கொண்டார். பேர் என்றால் பிரெஞ்சில் ஃபாதர்; மொரீஷியஸ் தீவே கும்பிடும் அந்தக் குருவானவரின் கல்லறை சென்ட் க்ருவாவில் இருக்கிறது. பிள்ளை பிழைத்தார். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மாமியாருக்கோ முழங்கால் இரண்டும் தேய்ந்து, வாசல்படி இறங்குவதே பெரும்பாடு. நேர்ந்ததைப் பாக்கி வைக்கக்கூடாது, எனக்குப் பதில் நீ போய் வா என்றார்.

தலையாட்டிவிட்டேன். மனசு மட்டும் ஒப்பவில்லை. நான் தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்தவள். எங்கே இருந்தாலும் ஆகஸ்ட் 5 அன்று மனசு அங்கேதான் நிற்கும். வாக்கப்பட்டு மொரீஷியஸ் வந்த பிறகும் ஞாயிறு பூசையை விட்டதில்லை. அவர் விழுந்த நாளோடு எல்லாம் நின்றுபோனது. செபமாலை அலமாரிக்குள் போனது. யாராவது "செபம் பண்ணும்மா" என்றால் எரிச்சல் வரும். பாதி ஆளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழு நன்றி கேட்கிறாரா ஆண்டவர் என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

துணைக்கு வந்தவர் பக்கத்து வீட்டு டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், முருக பக்தை. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர் பேர் லாவாலுக்கும் வருஷம் தவறாமல் நடப்பார். இந்தத் தீவில் அது அதிசயமே இல்லை. 8ஆம் தேதி ராத்திரி சென்ட் க்ருவா போகிற சாலைகளில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மாலை மங்கியதும் கிளம்பினோம். செப்டம்பர் என்றாலும் குளிர் விட்டிருக்கவில்லை, மேலே தூறல் வேறு. பக்கத்திலேயே மெட்ரோ விளக்கெல்லாம் எரிய போர்ட் லூயிஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். நேர்ச்சை ஆயிற்றே. கொரொமாண்டல் தாண்டி ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போது இடது குதிகாலில் கொப்புளம் கிளம்பிவிட்டது. ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டு, போகிறவர்களுக்கெல்லாம் சூடாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் என் செருப்பைக் கழற்றச் சொல்லி, குனிந்து உட்கார்ந்து காலைத் துடைத்துப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். நான் யார், எதற்கு நடக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய வியாழன் அன்று சாமியார் கால் கழுவுவதை எத்தனையோ தடவை பார்த்தவள்தான் நான். என் காலை ஒருவர் அப்படித் தொட்டது அன்றைக்குத்தான்.

வலி தெரியாமல் இருக்க டீச்சரம்மா பேர் லாவாலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பிரான்சில் டாக்டராக இருந்தவர் குருவானவர் ஆகி, 1841இல் இங்கே வந்து இறங்கினார். அடிமைத்தனத்தை ஒழித்து அப்போது ஆறே வருஷம். விடுதலை கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. யாரும் சீந்தாத அந்தக் கறுப்பின மக்களிடம்தான் அவர் போனார், அவர்கள் பேசும் கிரியோலையே கற்றுக்கொண்டு அதிலேயே வேதம் சொல்லிக்கொடுத்தார். 1854இல் காலரா வந்தபோது நோயாளிகளோடு நின்றார். இதெல்லாம் நானும் கோவிலில் கேட்டதுதான். அப்புறம் டீச்சரம்மா சொன்னதுதான் எனக்குப் புதுசு.

"கடைசியில அவருக்கும் உங்க வீட்டுக்காரருக்கு வந்த நோய்தாம்மா. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப அடிச்சுது. அவ்வளவு ஓடின மனுஷன் பிரசங்கம் வைக்க முடியாம, கோவில்ல உட்கார்ந்து செபம் பண்ணிக்கிட்டே இருந்தார். 1864 செப்டம்பர் 9, அன்னைக்குத்தான் போய்ச் சேர்ந்தார்."

அதன் பிறகு நான் பேசவே இல்லை. அபர்க்ரோம்பி பக்கம் மீனாட்சி அம்மன் கோவில் இருக்கும் திசை பார்த்து டீச்சரம்மா ஒரு கும்பிடு போட்டார், நானும் நின்று நடந்தேன்.

சென்ட் க்ருவாவில் கூட்டத்தைக் கேட்க வேண்டாம். கோவிலை நெருங்க நெருங்க வியாபாரம்தான். மெழுகுவர்த்தி கடையில் விற்கிற விலைக்கு இரண்டு மடங்கு, வாங்காவிட்டால் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வரிசையில் வயசானவர்களை இடித்துக்கொண்டு முன்னால் போகும் இளவட்டங்கள். கல்லறைக்கு முன்னால் வந்தும் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நகராத ஒரு ஆள், பின்னால் ஒரு தாய் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அருளாளரைப் பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் நிற்பவரையும் கொஞ்சம் பார்க்கக்கூடாதா?

மாமியார் ஒரு பையில் சட்டை கொடுத்துவிட்டிருந்தார். விழுந்த அன்று என் கணவர் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குச் சட்டையின் வலது கையைக் கத்தரியால் மேலே வரை வெட்டிவிட்டார்கள். மாமியார் அதைக் கிழித்துப் போடாமல், நீல நூலால் நெருக்கமாகத் தைத்து வைத்திருந்தார். வெள்ளைச் சட்டையில் நீலத் தையல், கோணல்மாணலாக. அதைக் கல்லறையில் வைத்து எடுத்து வரச் சொல்லியிருந்தார்.

என் முறை வந்தது. பூக்களுக்கு நடுவில் பேர் லாவால் படுத்திருக்கும் சுரூபம். சட்டையை விளிம்பில் வைத்து, அந்தத் தையல் மேல் கையை வைத்தேன். வழியெல்லாம் மனசில் எழுதிவைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. பேச்சைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை, ஏன் எடுத்தாய் என்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஜன்னலோர நாற்காலிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதில் உட்கார்ந்து வாய் திறந்து திறந்து மூடுபவர் பாதி ஆள் என்று நான் கணக்குப் பண்ணி வைத்திருந்தேனே, ஊருக்கே வேதம் சொன்ன இந்த மனுஷன் பேச்சு ஓய்ந்து உட்கார்ந்த நாளில் இயேசு இவரை விட்டுப் போனாரா? சிலுவையில் ஏன் கைவிட்டீர் என்று கதறியவராயிற்றே அவர். எங்கள் ஜன்னல் பக்கம் அவர் முன்னமே வந்து உட்கார்ந்துவிட்டார், நான்தான் அலமாரியைப் பூட்டிக்கொண்டு நின்றேன். "நன்றி ஆண்டவரே" என்று வாய்விட்டு வந்துவிட்டது. அதற்கு மேல் அழுகைதான். தொண்டர்கள் நகரச் சொல்லித் தோளைத் தொட்டார்கள். கையை எடுக்க மனமில்லாமல் எடுத்தேன்.

விடியற்காலைப் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ரொம்ப நாள் கழித்து நற்கருணை வாங்கினேன். டீச்சரம்மா வெளியே ஒரு திண்டில் எனக்காகக் காத்திருந்து, சூடாகத் தால் பூரி வாங்கி வைத்திருந்தார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

திரும்ப மெட்ரோவில்தான் வந்தோம். வீட்டில் சட்டையை என் கணவர் மடியில் வைத்தேன். தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, இடது கையால் மெதுவாகச் சிலுவை போட்டார். மாமியார் "மெர்சி, பேர் லாவால்" என்று நன்றி சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, சாதாரணப் பேச்சு வராதவர்களுக்கும் பழகிய பாட்டும் செபமும் சில சமயம் வரும், சொல்லிப் பாருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். அப்போது எனக்குக் காதில் ஏறவில்லை. இப்போது சாயங்காலம் மூன்று பேரும் செபமாலை சொல்கிறோம். மாமியார் பிரெஞ்சில், நான் தமிழில். ஒவ்வொரு அருள் நிறைந்த மரியே முடிவிலும் "ஆமென்" அவருடையது. குழறலாக வரும், சில நாள் பிந்தி வரும், ஆனால் வரும்.

சுத்தமான பேச்சு கிடைக்குமா என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். பேர் லாவால் டாக்டரும்தானே, அவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? அடுத்த வருஷம் திருநாள் முடிந்து கூட்டம் குறைந்ததும் என் கணவரையும் சக்கர நாற்காலியில் கூட்டிப் போக வேண்டும் என்று மாமியார் இப்போதே சொல்லிவிட்டார். கூட்டிப் போவேன். என் காலைத் துடைத்த பெண்ணுக்கும், கூட நடந்த டீச்சரம்மாவுக்கும், தையல் போட்ட மாமியாருக்கும், என் வீட்டுக்காரரை எனக்குத் தந்திருக்கும் என் ஆண்டவருக்கும் கோடி ஸ்தோத்திரம்.