58 ஏ/11

கும்பகோணம், 9 ஜூன் 2024

பரணிலிருந்த பெரியப்பாவின் தகரப் பெட்டியில், துணியில் ஒட்டி எட்டாக மடித்த நில அளவைத் தாள் ஒன்று கிடைத்தது. எண் 58 ஏ/11. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். உதகமண்டலமும் அதற்கு மேற்கே முக்கூர்த்தி, குந்தா மலைகளும் அடங்கியது. அச்சான ஆண்டு இருந்த மூலையை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. “குந்தாவில் ஓவர்சியராக இருந்தபோது அவர் வைத்திருந்தது, எடைக்குப் போட்டுவிடாதேப்பா” என்றார் பெரியம்மா.

10 ஜூன்

ஆண்டைத் தாளே ஓரளவு சொல்லிவிடுகிறது. உதகை வரை இரயில் பாதை வரையப்பட்டிருப்பதால் இது 1908-க்குப் பிந்தியது; 1938-இல் முக்கூர்த்தி அணை எழுந்த இடத்தில் ஓடை மட்டுமே மெல்லிய நீலத்தில் ஓடுவதால், அளந்தது அதற்கு முன்னர்தான்.

முக்கூர்த்தி முடியின் உயரம் 8,380 அடி. அதன் மேற்குச் சரிவில் பழுப்புநிறச் சமஉயரக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாவிட்டால் தேநீர்க் கறை என்றே தோன்றும். கோட்டுக்குக் கோடு 100 அடி. கும்பகோணமோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 24 மீட்டர்தான். இதே இடைவெளியில் வரைந்தால் எங்கள் தெருவிலிருந்து பூம்புகார் வரை ஒரு கோடுகூட விழாது. வயலுக்கும் வாய்க்காலுக்கும் அரையடி ஏற்றத்தாழ்வுக்காகச் சண்டை போடும் ஊர் இது.

12 ஜூன்

மேட்டூர் திறக்க வேண்டிய நாள். இந்த ஆண்டு திறக்கவில்லை. மீண்டும் தாளை விரித்தேன். அவலாஞ்சிப் பள்ளத்தாக்கின் குறுக்கே, ஓடையை வெட்டிக்கொண்டு, ஒரு பென்சில் கோடு இருப்பதை இன்றுதான் கவனித்தேன். 1960-களில் குந்தா மின்திட்டத்துக்கு அங்கே அணை கட்டினார்கள். தாளில் அது இன்னும் புல்வெளியும் சோலையும்தான்.

அந்த ஓடை குந்தா ஆற்றில் சேர்ந்து, பவானியாகி, மேட்டூருக்குக் கீழே கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. இடையில் பவானிசாகர் இருக்கும்போது அது எளிதில் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிடாது என்பது வேறு விஷயம்.

15 ஜூன்

நகலெடுக்கக் கொண்டுபோன கடையில், நான் தடுப்பதற்குள் மடிப்பை எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். உதகைக்குக் கீழே இரண்டு விரற்கடை கிழிந்தது. லேமினேட் செய்துவிடலாம் என்றதற்கு மறுத்துவிட்டேன், அந்தச் சூட்டில் துணி சுருங்கிவிடும். பெரியம்மா பசை காய்ச்சித் தந்தார், கிழிசலுக்குப் பின்னால் வேட்டித் துணி ஒட்டினேன். பென்சில் கோட்டின் மேல் ஈரம் படவில்லை.