கரண்ட் வைக்கும் நாட்கள்

ஜூன் 2, திங்கள்
அண்ணனின் வாய்ப் புற்றுக்குக் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, இன்று தொடங்கிவிட்டார்கள். உள்ளே இருந்தது பத்து நிமிடம்தான். வெளியே வந்தபோது, தலை அசையாமலிருக்க முகத்தில் மாட்டும் மாஸ்க்கின் வலைத் தடம் அண்ணன் நெற்றியிலும் கன்னத்திலும் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. டவுன் பஸ்ஸில் ஒரு குழந்தை அதையே பார்த்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தும் அழியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்
"எரியுதாங்க?" என்று அண்ணி திரும்பத் திரும்பக் கேட்கிறார். "ஒண்ணும் தெரியலம்மா, சத்தம் மட்டும்தான்."

ஜூன் 5, வியாழன்
தூக்கம் வரவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

ஒரு தடவைக்கு 2 கிரே; கதிரின் அளவை அப்படித்தான் சொல்வார்கள். ஒரு கிரே பட்டாலே ஒரு செல்லுக்குள் டிஎன்ஏவின் ஒற்றை இழை ஆயிரம் இடத்தில் அறுகிறது. இரண்டு இழையும் சேர்ந்து அறுவது 20 முதல் 40 இடத்தில். ஒற்றை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இரண்டும் அறுந்த நிலையில் செல் பிரிந்தால் குரோமோசோமின் துண்டு எந்தப் பக்கம் போகும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

அதனால் செல் நின்றுவிடுகிறது. முறிவு ஏற்பட்ட சில நிமிடங்களுக்குள் ஏடிஎம் என்ற நொதி விழித்துக்கொள்ளும். பி53 புரதம் சாதாரணமாக உண்டாகிற வேகத்திலேயே அழிந்துகொண்டிருக்கும். எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பியபடியே இருக்கும். ஏடிஎம் தலையிட்டதும் அந்தப் பிடி தளர்கிறது. பி53 சேர்கிறது, பி21-ஐ உண்டாக்கச் சொல்கிறது. செல்லை, நகலெடுக்கும் கட்டமான எஸ் கட்டத்துக்குத் தள்ளும் கைனேஸ் என்ற நொதிமேல் பி21 போய் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான், டிஎன்ஏ நகலெடுப்பு தொடங்காது.

இந்த முதல் வாசலைத் தாண்டிய செல்களுக்கு ஜி2-வில், அதாவது நகலெடுத்து முடித்துப் பிரிவதற்கு முந்தைய கட்டத்தில், இன்னொரு வாசல் உண்டு. அங்கே காவல் சிஎச்கே1 என்ற நொதி. செல் பிரிவைத் தொடங்கிவைக்கும் சிடிசி25 என்ற நொதியை அது செயல்படவிடாது.

வாய்ப் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் பி53 மரபணு கெட்டுப்போயிருக்கும். முதல் வாசல் திறந்தே கிடக்கும். அண்ணனுடையது எப்படி? பயாப்ஸி ரிப்போர்ட்டில் அது இல்லை. கேட்டால் சிகிச்சை மாறப்போவதும் இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு
"டேய், சனி ஞாயிறு ஏன் வைக்கறதில்ல?"

ஆஸ்பத்திரிக்கு லீவு என்பது ஒரு காரணம். அப்புறம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதே நல்ல செல்கள் நின்று, முறிவுகளைச் சேர்த்துக்கொண்டு, மறுபடி கிளம்பட்டும் என்றுதான். ஒரேயடியாகக் கொடுத்தால் தோலும் தாங்காது, எலும்பும் தாங்காது. புற்றுச் செல்லுக்கு இந்த நிற்கும் ஒழுங்கு குறைச்சல். "அப்ப நாம பொறுமையா இருந்தா ஜெயிச்சிரலாம்கிற" என்றார். ஆமாண்ணா என்றேன்.

ஜூன் 11, புதன்
1988-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் டெட் வைனர்ட், லேலண்ட் ஹார்ட்வெல் என்ற ஆய்வாளர்கள் ஈஸ்ட்டை வைத்துச் செய்த சோதனை இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. எக்ஸ்ரே பட்டதும் சாதாரண ஈஸ்ட் பிரியாமல் நின்றது; பிறகு பெரும்பாலும் பிழைத்தது. ராட்9 என்ற மரபணு இல்லாத ஈஸ்ட் நிற்கவில்லை. அதே காயத்தோடு பிரிந்து பிரிந்து, சில செல்களாக ஆனதுமே செத்தது. அப்புறம் ஒன்று செய்தார்கள்: ராட்9 இல்லாத ஈஸ்ட்டைக் கதிருக்குப் பிறகு ஒரு மருந்தால் சில மணி நேரம் பிரியவிடாமல் பிடித்துவைத்தார்கள். அவற்றில் பல பிழைத்துக்கொண்டன. பழுது பார்க்கிற திறமை உள்ளேயே இருந்திருக்கிறது, அதற்கு நேரம்தான் கிடைக்கவில்லை! உயிரியலில் இவ்வளவு அழகான ஒரு சோதனையை நான் அதிகம் படித்ததில்லை. ஹார்ட்வெல்லுக்கு 2001-இல் நோபல் கொடுத்தார்கள்.

அண்ணனுக்கு ரசம் மண் மாதிரி இருக்கிறதாம்.

ஜூன் 17, செவ்வாய்
வாய்ப்புண். உதட்டின் உள்பக்கம் வெள்ளையாக, ஆடை படிந்த மாதிரி. சோடா உப்பும் கல் உப்பும் போட்ட தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள். வாயின் உள்தோல் ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் இடம்; அடியில் பிரிய வேண்டிய செல்கள் நின்றுபோனால், சில செத்துப்போனால், மேலே தேய்வதை ஈடுகட்ட ஆளில்லை. அண்ணனைக் காக்கிற அதே நிறுத்தம்தான் அவரைச் சாப்பிடவும் விடவில்லை. கோபமாக இருக்கிறது. யார்மேல் என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்
மெஷின் பழுது. நாளைக்குச் சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி
சரியாகவில்லை. வராந்தாவில் எங்களைப் போல நிறையப் பேர், டிபன் கேரியரும் பைலுமாக. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

எனக்கு உள்ளுக்குள் பதறுகிறது. தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை நாட்கள் நீள நீள, மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் வேகமெடுத்துப் பெருகும். இடைவெளி நல்ல செல்லுக்கு மட்டும் கிடைப்பதில்லை, புற்றுச் செல்லுக்கும் சேர்த்துத்தான் கிடைக்கிறது. ஜி2 வாசல் அதனிடம் மிச்சமிருக்கிறதே. அங்கே நின்று அதுவும் தன் முறிவுகளை ஒட்டிக்கொண்டிருக்கும், இந்த நேரத்தில், அண்ணன் கன்னத்துக்குள். அண்ணியிடம் சொல்லவில்லை. "ரெஸ்ட் கிடைச்சதுன்னு நினைச்சுக்கலாம் தம்பி" என்றார். சரி அண்ணி என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி
போன் வந்தது. ஈடுகட்ட இன்றைக்கே வைத்தார்கள். நிம்மதி.

ஜூன் 25, புதன்
காலிட் லஹாவ் என்ற ஆய்வாளரும் கூட வேலைபார்த்தவர்களும் 2004-இல் தனித்தனிச் செல்லாகப் பார்த்தார்கள். கதிர் பட்ட பிறகு பி53 ஒரே சீராக உயர்ந்து நிற்பதில்லை. எழும்பும், அடங்கும், சில மணி நேரத்தில் மறுபடி எழும்பும். கதிர் கூடினால் ஒவ்வொரு எழும்பலின் உயரமும் கூடுவதில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது. முறிவு இன்னும் இருக்கிறதா என்று செல் விட்டு விட்டு விசாரிப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அண்ணி இரவில் எழுந்து எழுந்து அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

ஜூலை 1, செவ்வாய்
மூக்கு வழியாக ட்யூப். கேழ்வரகுக் கஞ்சி வடிகட்டி.

ஜூலை 4, வெள்ளி
பேசுவதில்லை. சிலேட்டில் எழுதுகிறார். "போதும்" என்று எழுதினார். பிறகு அவரே அழித்தார்.

ஜூலை 11, வெள்ளி
கடைசி கரண்ட். புற்று மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனை மூன்று மாதம் கழித்து எடுக்கலாம் என்றார் டாக்டர். இப்போதே எடுத்தால் புண்ணும் வீக்கமும் சேர்ந்து பளிச்சிட்டுக் குழப்பும். அதோடு கதிர் பட்ட புற்றுச் செல் பட்ட அன்றே சாவதில்லை. உடைந்த குரோமோசோம்களோடு பிரியப் பார்க்கும்போதுதான் பெரும்பாலும் சாகிறது. சில ஒன்றிரண்டு தடவை பிரிந்த பிறகும். ஆக, இனிமேல்தான் அவை வாசலில் நிற்காமல் பிரியப் போக வேண்டும்.

மாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டார்கள். அண்ணன் வேண்டாமென்று கையசைத்தார்.

ஜூலை 13, ஞாயிறு
சிலேட்டில்: "மோர் கிடைக்குமா?" உப்பில்லாமல், ட்யூப் இல்லாமல், ஸ்பூனில். இரண்டு வாய் இறங்கியது.