'அவசரக்குடுக்கை' என்று சொல்லிவிட்டால் முடிந்ததா?

எங்கள் பக்கம் ஒருத்தனை அவசரக்குடுக்கை என்று சொல்லிவிட்டால் அவனைப் பற்றிய விசாரணை அதோடு சரி. யோசிக்காதவன், பொறுப்பில்லாதவன், ஒன்றிலும் நிலைக்காதவன் என்று மிச்சமெல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். இதில் அந்த 'யோசிக்காதவன்' என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் தங்கச்சியின் புருஷன் நெல் வெட்டு மெஷின் திருத்துகிறவன். பெரும்போக அறுவடை நேரம், கிளிநொச்சியில் முரசுமோட்டைப் பக்கம் ஒரு வயலில் மெஷின் நின்றுவிட்டது, கிழக்கே மழை இருட்டிக்கொண்டு வருகிறது, வயற்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு வரம்பில் குந்திவிட்டார், ஓட்டுகிற பொடியன் வவுனியாவுக்குப் போன் எடுத்து பெல்ட் விலை கேட்டுக்கொண்டு நிற்கிறான். மச்சான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மூடியைக் கழற்றினான், பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான், பக்கத்தில் இருந்த பேரிங்கில் உள்ளங்கையை வைத்து உடனே இழுத்துக்கொண்டான். "பெல்ட் இல்லையடா, பேரிங் இறுகிப்போச்சு." அவ்வளவுதான். பிறகு நான் கேட்டபோது, "கையை வைச்சாத்தான் மச்சான் எனக்கு யோசனையே வரும்" என்றான். அதாவது நமக்கு யோசனை முதல், வேலை பிறகு. அவனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் கீர்சி 1978இல் மனிதர்களின் சுபாவத்தை நாலாகப் பிரித்து எழுதினார். அதில் ஒரு கூட்டத்துக்குப் பின்னாளில் அவர் வைத்த பெயர் கைவினைஞர். கண்முன்னால் இருப்பதைப் பற்றித்தான் பேசுவார்கள், முறை என்ன என்பதைவிட எது பலிக்கும் என்று பார்ப்பார்கள், கருவி எதுவானாலும் கையில் எடுத்தவுடன் பழகிவிடுவார்கள், சும்மா இருக்கச் சொன்னால்தான் வருத்தம் வந்துவிடும். வாசித்தபோது மச்சானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போலத்தான் இருந்தது. ஆனால் இதை ராசிபலன் மாதிரிப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. இந்த மாதிரி வகைப்படுத்தும் பரீட்சையைச் சில கிழமை கழித்துத் திரும்பச் செய்தால் வேறு வகைக்குள் போய் விழுகிறவர்கள் நிறையப் பேர். சுபாவம் கூடக் குறைய எல்லோரிடமும் இருக்கிறது, பெட்டி பெட்டியாக அல்ல.

இதைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது உளவியலாளர் ஸ்கொட் டிக்மன் 1990இல் எழுதிய ஒரு ஆய்வு. சட்டென்று செயற்படுவதில் இரண்டு இருக்கிறது என்றார்: வேகம் தேவைப்படும் இடத்தில் வேகமாக முடிவெடுப்பது ஒன்று, நிதானிக்க வேண்டிய இடத்திலும் நிதானிக்க முடியாமல் போவது மற்றது. இரண்டுக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதுதான் அதில் விசேஷம். முதலாவது இருக்கிறவனிடம் இரண்டாவதும் கட்டாயம் இருக்கும் என்றில்லை.

மச்சானிடம் இரண்டும் இருக்கிறது, அது அவன் தலைவிதி.

2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனம் நகர்ந்துகொண்டே இருந்தபோது இப்படிப்பட்டவர்கள்தான் பங்கர் வெட்டினார்கள், தறப்பாள் கட்டினார்கள், தண்ணி எங்கே என்று கண்டுபிடித்தார்கள். அப்போது யாரும் அவர்களை அவசரக்குடுக்கை என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மீள்குடியேறிய பிறகு வாழ்க்கை படிவம் நிரப்புகிறதும் தவணை கட்டுகிறதுமாக மாறிவிட்டது. மச்சானின் அதே கை, ஒரு லாண்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு மெஷினை, கண்டவுடன் லீசிங் பேப்பரில் கையெழுத்துப் போட்டது. வருமானம் போகத்துக்குப் போகம், தவணையோ மாதம் மாதம். இதை யாராவது உட்காரவைத்து விளங்கப்படுத்தியிருந்தாலும் அவன் கேட்டிருக்கமாட்டான் என்பதும் உண்மை.

தங்கச்சி இப்போது விளங்கப்படுத்துகிறதே இல்லை. கையெழுத்து வைக்கிற காரியம் எதுவானாலும் பேப்பர் ஒரு இரவு வீட்டில் கிடக்க வேண்டும், இதுதான் ஒரே சட்டம். புத்திமதி சொன்னால் சண்டை, இப்படி என்றால் ஒன்றும் இல்லை. விடியும்போது பாதி ஆசை போய்விடும், மிச்சத்தை அவள் கணக்குப் போட்டுப் பார்ப்பாள்.

இப்போது சிக்கல் அவர்களின் மகனுக்கு. வகுப்பில் இருக்கிறான் இல்லை என்று முறைப்பாடு. நட்டைப் பார்த்தே பத்தா, பன்னிரண்டா, பதினாலா என்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பொடியன், வாய்ப்பாட்டில் நிற்கிறானாம். அடிக்காதே, முதலில் சாமானைக் கையில் குடு, கொப்பியைக் கடைசியில் குடு என்று தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறேன். ரியூசன் மாஸ்டருக்கு இந்த யோசனை துளியும் பிடிக்கவில்லை.