தொண்டாமுத்தூர்: பந்தலை விட்டு பஸ் ஏறிய ஊர்

கோயம்புத்தூரில் திராட்சை விளைகிறது என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் பலரும் "அது கம்பம்ல?" என்றுதான் கேட்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. கம்பத்தில்தான் அதிகம், அதில் சண்டையில்லை. ஆனால் கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர், மாதம்பட்டி, தீத்திப்பாளையம், குப்பனூர், கரடிமடை என்று மலையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களிலும் அதே பன்னீர் திராட்சை பல காலமாகப் பந்தலேறி நிற்கிறது. இப்போது முன்பு மாதிரி இல்லை, குறைந்துகொண்டே வருகிறது என்று கேள்விப்பட்டதால்தான் ஒரு ஏப்ரல் மாதக் காலையில் தொண்டாமுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். லாலி ரோடு, வேளாண் பல்கலைக்கழகம், பி.என்.புதூர், வடவள்ளி என்று போகும் வழி. வடவள்ளி 2011-இல் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது, அதற்கப்புறம் எது ஊர், எது நகரம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அபார்ட்மென்ட், பேக்கரி, ஹாலோ பிளாக் கடை, அப்புறம் திடீரென்று ஒரு வாழைத்தோட்டம், மறுபடி ஒரு சைட் விளம்பரப் பலகை. நான் போன பஸ்ஸில் பத்துப் பேர்கூட இல்லை. எதிரே வந்த பஸ்களில் படிக்கட்டு வரைக்கும் ஆள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள், டிபன் கேரியரோடு ஜவுளிக்கடைக்குப் போகும் பெண்கள், செல்வபுரம் பக்கம் நகைப்பட்டறைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பையன்கள். காலை எட்டு மணிக்கு இந்த ஊர் தன்னையே காலி செய்துகொண்டு கிழக்கே கிளம்பிவிடுகிறது. பொழுதோட திரும்பி வருகிறது. ஊரைப் பற்றி நான் சொல்ல வருவது பாதி இதிலேயே அடங்கிவிட்டது, மீதிப் பாதிக்குத்தான் தோட்டத்துக்குள் போக வேண்டியிருந்தது.

இந்தப் பக்கத்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் கதை பெரியது. வெள்ளியங்கிரி மலைச்சரிவில் கிளம்பும் ஓடைகள் சேர்ந்துதான் நொய்யல். சுமார் 180 கிலோமீட்டர் ஓடி கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு. மலையிறங்கிய கொஞ்ச தூரத்திலேயே சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தண்ணீரை மறித்து வாய்க்காலில் விட்டு, வரிசையாகக் குளங்களை நிரப்பியிருக்கிறார்கள் நம் முன்னோர். ஒரு குளம் நிரம்பினால் அடுத்ததுக்கு. குளம் நிறைந்தால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் தோட்டம் இருக்கும், அவ்வளவுதான் கணக்கு. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் திராட்சை போடுவது ஒரு சிலருக்கே சாத்தியம். 1930-களில் நீலகிரி பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்தது, 1937-இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தார்கள், கோவை பம்புசெட் ஊராக மாறியது. கிணற்றுத் தண்ணீரை நினைத்த நேரத்தில் மேலே கொண்டுவர முடிந்த பிறகுதான் இந்த மாதிரி நாசூக்கான பயிரையெல்லாம் கட்டி மேய்க்க முடிந்தது.

நடுவில் பேரூருக்கு ஒரு எட்டு போய் வந்தேன். பட்டீசுவரர் கோயில் கனகசபைத் தூண்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது, அதனால் ஒரு கதையோடு நிறுத்திக்கொள்கிறேன். சுந்தரர் பொருள் கேட்டு வருவார் என்று தெரிந்து, சிவனும் பார்வதியும் கூலி ஆள் வேடத்தில் வயலில் இறங்கி நாற்று நட்டார்களாம். நந்தி காட்டிக் கொடுத்துவிட, மண்வெட்டியால் அதன் தாடையில் ஒரு அடி. அதை நினைத்து இன்றைக்கும் ஆனியில் நாற்று நடவு விழா நடக்கிறது. இதைத் தொண்டாமுத்தூரில் நான் பார்த்த தோட்டக்காரரிடம் சொன்னபோது, "இப்ப அந்த வேசத்துல வந்தாருன்னா நான் சம்பளம் எச்சா குடுத்து நிறுத்திக்குவேனுங்க" என்றார்.

அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தெரிந்தவர் ஒருவர் சொல்லி விட்டிருந்ததால் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், உட்கார வைத்து மோர் கொடுத்து, "வெயில் ஏறறதுக்குள்ள பாத்துட்டு வந்தர்லாம் வாங்க தம்பி" என்று பந்தலுக்குள் கூட்டிப்போனார். திராட்சைப் பந்தலுக்கடியில் நிமிர்ந்து நடக்க முடியாது. கல்தூண்களுக்கு மேலே கட்டம் கட்டமாகக் கம்பி இழுத்து, அதில் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே பச்சை நிழல், தலைக்கு மேல் கைக்கெட்டுகிற உயரத்தில் கொத்துக் கொத்தாகப் பழம். கருநீலப் பழத்தின் மேல் விபூதி பூசியது போல ஒரு வெள்ளைப் படலம். அது போய்விட்டால் பழம் பழசாகத் தெரியும், வியாபாரி விலையைக் குறைப்பார். அதனால் அறுக்கிற பெண்கள் யாரும் பழத்தைத் தொடுவதேயில்லை. இடது கையில் காம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கத்தரியால் ஒரே வெட்டு, கொத்தைத் திருப்பி வெடித்த பழம், காயாக நின்றுபோன பழம் இரண்டையும் முனையால் நறுக்கித் தள்ளிவிட்டு, தாள் விரித்த கிரேட்டில் படுக்க வைக்கிறார்கள். போடுவதில்லை, படுக்க வைக்கிறார்கள். ஒரு கொத்துக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை, நான் போட்டோ எடுக்க ஆரம்பிப்பதற்குள் அவர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள்.

இந்தப் பழத்துக்காக மார்கழி, தை வாக்கில் கவாத்து. பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்குமாம், கொடியையெல்லாம் வெட்டி வெறும் குச்சியாக நிறுத்திவிடுவார்கள். குச்சிக்கு எத்தனை மொட்டு விட்டு வெட்டுவது என்பதில்தான் ஆளின் கைவேலை தெரியும். கூட விட்டால் கொடி ஓடும், குறைத்து விட்டால் காய் பிடிக்காது. வெட்டியதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம். மறுபடி மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் அடுத்த காய்ப்பு. அந்த நான்கு மாதமும் தளிரைக் கட்ட வேண்டும், பக்கக் கிளையைக் கிள்ள வேண்டும், இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்தால் அடிச்சாம்பல் நோய். மேற்கே சாரல் பிடித்து, நாலு நாள் வானம் மூடிக் கிடந்தாலே வந்துவிடும். அதற்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை அடிப்பார்கள்.

அந்தக் கலவைக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரான்சில் போர்டோ என்பது ஒயினுக்குப் பேர்போன சீமை. அங்கே சாலையோரத் தோட்டக்காரர்கள், வழியில் போகிறவர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க, கொடிகளில் இதைப் பூசி வைத்திருக்கிறார்கள். பூசிய செடிக்கு மட்டும் நோய் வராததைக் கவனித்த மில்லார்தே என்ற பேராசிரியர் 1885-இல் அதை உலகத்துக்குச் சொன்னார். பழத் திருடனுக்காகப் பூசியது, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து நம் ஊர் ஸ்பிரேயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒயின் சீமையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்தக் கலவை மட்டும்தான். திராட்சை ஊர் என்றதும் கண்ணாடிக் கோப்பையும் மரப்பீப்பாயும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். பன்னீர் திராட்சை தின்கிற பழம், ஜூஸ் கடைப் பழம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சில வீடுகளில் ஜாடியில் சர்க்கரையோடு ஊறுவதோடு சரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரோமானிய வணிகம் நடந்த நாடு இது, கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகவே கிடைத்திருக்கின்றன. காசு வந்திருக்கிறது, ஒயின் தொழில் தங்கவில்லை. இப்போது அதே கணவாய் வழியாக நம் பழம் கேரளாவுக்குப் போகிறது.

பந்தல் ஏன் குறைகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மழையில் பழம் வெடிக்கிறது, நாசிக் பக்கத்துக் கொட்டையில்லாத திராட்சை வந்து விலையை அடிக்கிறது, பறித்த பழம் ரெண்டு மூணு நாளுக்கு மேல் தாங்காது, ராத்திரியில் யானை வருகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் மழையும் யானையும் நேற்று வந்தவை இல்லையே. எனக்கென்னவோ காலையில் ஊரையே ஏற்றிக்கொண்டு எதிரே போன அந்த பஸ்கள்தான் முக்கியக் காரணமாகத் தெரிகிறது. பக்கத்துத் தோட்டத்தைப் பாருங்கள். முன்பு பந்தல் இருந்த இடத்தில் இப்போது பாக்கு. கல்தூண் மட்டும் நாலைந்து வரப்போரம் சாய்ந்து கிடக்கிறது, ஒன்றைத் துணி துவைக்கப் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பையன் நகரத்தில் வேலைக்குப் போகிறார். சொட்டுநீர்க் குழாய் போட்டாயிற்று, மோட்டாரை ஆபீஸிலிருந்தே செல்போனில் போட்டு நிறுத்துகிறார், காய் அறுக்க வியாபாரியே ஆள் கூட்டி வருகிறார். காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆனாலும் பாக்குமரம் வேலைக்குப் போகிறவனுக்கு ஏற்ற பயிர். திராட்சைக்கு வீட்டில் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும், அதுவும் இலையைப் பார்த்துப் படிக்கத் தெரிந்த ஆள்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தோட்டக்காரரின் மகளும் தினம் பஸ்ஸில்தான் போகிறார், மாதாமாதம் தேதி தவறாமல் வருகிற சம்பளம் அந்த வீட்டுக்கு வேண்டியிருக்கிறது. பழம் வெடித்த வருஷம் மருந்துக்கடைப் பாக்கியை அடைத்ததே அந்தச் சம்பளம்தான் என்று அவரே சொன்னார். "அப்ப அடுத்த கவாத்து உண்டுங்களா ஐயா?" என்று கேட்டேன். "எனக்கு முட்டி நல்லா இருந்தா உண்டுங்க தம்பி. சம்பாதிக்கறதுக்குன்னு இல்ல, காலைல எந்திரிச்சா எங்க போறது?" என்று சிரித்தார். பந்தலை எடுத்துவிட்டால் இடத்துக்கு நல்ல விலை வருமாம், வாரத்துக்கு ஒரு புரோக்கராவது வந்து கேட்டுவிட்டுப் போகிறாராம். அவர்களுக்கும் மோர் உண்டு, பதில் மட்டும் கிடையாது.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல், மே அல்லது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். சனி, ஞாயிறு சிறுவாணி சாலையில் ஈஷாவுக்குப் போகும் கார்கள் நிறைந்திருக்கும், அதனால் வடவள்ளி வழி நல்லது. தோட்டத்தில் கேட்காமல் நுழையாதீர்கள், கேட்டால் பெரும்பாலும் கூப்பிட்டு உள்ளே விடுவார்கள். பழம் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்துப் பரப்பி வையுங்கள், கழுவி வைக்க வேண்டாம், தின்னும்போது கழுவினால் போதும். காலை ஒன்பதரைக்கெல்லாம் வியாபாரியின் டெம்போ ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறது, அதற்கு முன்னால் போனால்தான் நல்ல கொத்து கிடைக்கும்.